உளவியல் ஆய்வுக்கு நூலகத் தேடல்: சைக்இன்ஃபோவும் இலவச மாற்றுகளும்

உளவியலில் ஆய்வு செய்பவர்களுக்குக் கட்டுரைகளை எடுத்துப் படிப்பது முன்பைவிட இன்று எளிதாகிவிட்டது. எந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் இன்னும் சிரமமாக இருக்கிறது. நம் கல்வி நிறுவனங்கள் முதலாவதற்குப் பணம் செலவிடத் தொடங்கியிருக்கின்றன, இரண்டாவதை மாணவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டன. இந்த மனக்குறையோடுதான், உளவியலுக்கென்றே உள்ள சைக்இன்ஃபோ தரவுத்தளத்தையும், அது கையில் இல்லாதவர்கள் நம்பியிருக்கும் இலவசச் சேவைகளையும், பழைய முறையில் நூலக அடுக்குகளையும் இங்கே மதிப்பிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே தலைப்பை வைத்தே சோதித்தேன்: மறதிநோய் உள்ள முதியவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தினரின் மனச்சோர்வு. இது உளவியலுக்கும் மனநல மருத்துவத்துக்கும் செவிலியத்துக்கும் சமூகப்பணிக்கும் பொதுவான தலைப்பு. தமிழ்நாட்டிலேயே நல்ல களஆய்வுகள் நடந்த தலைப்பும்கூட. ஒரு தேடல் கருவி எங்கே தடுமாறும் என்பதை இத்தகைய எல்லைப்புறத் தலைப்புகள்தான் காட்டிக்கொடுக்கும்.

சைக்இன்ஃபோவை நடத்துவது அமெரிக்க உளவியல் சங்கம். 1927-ல் அச்சிதழாகத் தொடங்கிய ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு 1967-ல் கணினிக்கு மாறி, இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளோடு நிற்கிறது. ஆய்விதழ்க் கட்டுரைகளோடு நூல்கள், நூல்களின் தனித்தனி இயல்கள், ஆய்வேடுகள் ஆகியவையும் அதில் உண்டு. முதல் முறையாகத் திறப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது: இது ஒரு சுட்டுத்தளம் மட்டுமே, முழுக் கட்டுரைகள் இதற்குள் இருப்பதில்லை. சங்கத்தின் சொந்த ஆய்விதழ்களை முழுமையாகத் தரும் சைக்ஆர்ட்டிகிள்ஸ் வேறு சேவை, அதற்குத் தனிச் சந்தா. நூலகங்கள் சைக்இன்ஃபோவை எப்ஸ்கோ, ஓவிட், சங்கத்தின் சொந்தத் தளமான சைக்நெட் போன்ற வெவ்வேறு வாசல்கள் வழியாக வாங்குகின்றன. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான் என்றாலும் தேடும் பக்கத்தின் அமைப்பு வாசலுக்கு வாசல் மாறுகிறது. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் சிறிது நேரம் தடவித்தான் ஆக வேண்டும்.

இதன் உண்மையான பலம் 1974 முதல் வெளிவரும் அதன் கலைச்சொற்களஞ்சியத்தில் இருக்கிறது. மனச்சோர்வு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடல் பெட்டியில் வெறுமனே தட்டினால், பொருளாதார மந்தநிலை தொடங்கி எலிகளின் மூளை வேதியியல் வரை வந்து கொட்டும். அதே சொல்லைக் களஞ்சியத்தில் வைத்துப் பார்த்தால் அது இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பது தெரியும்: மருத்துவரீதியாகக் கண்டறியப்பட்ட பெரும் மனச்சோர்வு நோய்க்கு ஒரு தலைப்பு, நோய் என்று சொல்ல முடியாத உணர்வு நிலையான சோர்வுக்கு வேறு தலைப்பு. பராமரிப்பாளர்களைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு வினாநிரலைக் கொடுத்து மதிப்பெண் எடுத்தவை. மனநல மருத்துவர் நேரில் கண்டு உறுதிசெய்தவை குறைவு. ஆகவே இந்த இரண்டு தலைப்புகளையும் தனித்தனியே தேடி, முடிவுகளைத் தனித்தனிக் கோப்பில் வைத்துக்கொள்பவருக்கு, ஆய்வேட்டின் முக்கியமான வரையறைச் சிக்கல் ஒன்று எழுத உட்காருவதற்கு முன்பே பிடிபட்டுவிடுகிறது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கக்கூடிய முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

களஞ்சியத்தைப் பயன்படுத்தும்போது ஒரு சிறிய எச்சரிக்கை. மறதிநோய் என்ற பொதுத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் அதன் கீழ் வரும் அல்சைமர், இரத்தநாளம் சார்ந்த மறதிநோய் முதலிய உட்தலைப்புகள் எப்ஸ்கோ வாசலில் தாமாகச் சேர்ந்துகொள்வதில்லை. தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள விரிவாக்கப் பெட்டியில் குறியிட்டால்தான் கிளைகளும் தேடலுக்குள் வரும். அந்த ஒரு குறியை விட்டுவிட்டு, இந்தத் துறையில் ஆய்வுகள் குறைவு என்று முன்னுரையில் எழுதிவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பதிவைத் திறந்து கீழே இறங்கிப் பார்த்தால் சந்தாப் பணம் எங்கே போகிறது என்பது விளங்கும். ஆய்வில் பங்கேற்றவர்களின் வயதுப் பிரிவு (18 முதல் 29, 40 முதல் 64, 65-க்கு மேல், 85-க்கு மேல் என்று வகுத்து), அவர்கள் எந்த நாட்டினர், ஆய்வு எந்த முறையில் நடந்தது (நெடுங்கால ஆய்வா, நேர்காணலா, பல ஆய்வுகளைத் தொகுத்த புள்ளியியல் பகுப்பாய்வா), எந்தெந்த அளவுகோல்கள் பயன்படுத்தப்பட்டன என்பவை தனித்தனிக் கட்டங்களில் குறிக்கப்பட்டிருக்கும். அளவுகோல்களுக்கான அந்தக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தமானது. பராமரிப்புச் சுமையை அளக்கும் 22 கேள்விகள் கொண்ட சாரிட் நேர்காணலைப் பயன்படுத்திய ஆய்வுகள் மட்டும் வேண்டுமென்றால், அதன் பெயரை அந்தக் கட்டத்துக்குள் தேடினால் போதும். கட்டுரையின் ஏதோ ஒரு மூலையில் சாரிட்டின் பெயரைப் போகிற போக்கில் சொன்னவையெல்லாம் விலகி, உண்மையாகவே அதைக் கொண்டு அளந்தவை மட்டும் நிற்கும். 1977-ல் ராட்லாஃப் வெளியிட்ட 20 கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோலையும் இதோடு சேர்த்துத் தேடினால், சுமை, சோர்வு இரண்டையும் ஒரே குழுவிடம் அளந்த ஆய்வுகள் கிடைக்கின்றன. இந்த வேலையை வேறு எந்த இலவசச் சேவையிலும் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடிவதில்லை.

இந்த ஏற்பாடு நமக்கு அன்னியமானதும் அல்ல. ஒரு பொருளை ஆள், வினை, இடம், காலம் என்று முகம் முகமாகப் பிரித்து, தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற முறையை 1933-ல் தமது கோலன் பகுப்பில் முன்வைத்தவர் சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன். அந்தப் பகுப்பில் உளவியலுக்கு ஆங்கில எழுத்து எஸ். இன்று எந்தத் தரவுத்தளத்தைத் திறந்தாலும் இடது ஓரத்தில் தெரியும் வடிகட்டிகளின் வரிசை, அவர் வகுத்த சிந்தனையின் வாரிசு. அவருடைய ஊர்க்காரர்களான நாம் அந்த வடிகட்டிகளைத் தொடாமலேயே நூறு பக்க முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

இனி குறைகள். முதலாவது விலை: நிறுவனங்களை நோக்கி விற்கப்படும் சேவை என்பதால், அதை வாங்காத கல்லூரியின் மாணவருக்கு வழி மிகக் குறைவு. இரண்டாவது, இந்தியாவில் வெளிவரும் உளவியல் இதழ்கள் பலவற்றுக்கு இதில் இடமில்லை. மூன்றாவது, சொற்களஞ்சியம் அமெரிக்கப் புழக்கத்தை ஒட்டியது. பராமரிப்பாளர் சுமை என்று உலகம் சொல்வதை இந்திய மனநல மருத்துவ எழுத்து நெடுங்காலமாகக் குடும்பச் சுமை என்றே அழைத்து வருகிறது. ஷைலா பாய், ஆர். எல். கபூர் இருவரும் 1981-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியில் வெளியிட்ட குடும்பச் சுமை நேர்காணல் நிரல் இந்திய ஆய்வுகளில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. களஞ்சியத் தலைப்பை மட்டும் நம்பித் தேடுபவருக்கு இந்த மரபு முழுமையாகக் கண்ணில் படாது. தலைப்புத் தேடலோடு, கட்டுரைப் பெயரிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொற்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

சைக்இன்ஃபோ இல்லாதவர் முதலில் போக வேண்டிய இடம் பப்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997 முதல் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் இந்தச் சேவையை, மருத்துவம் படிப்பவர்களுக்கானது என்று ஒதுக்கிவிடும் உளவியல் மாணவர்கள் ஏராளம். 1960-ல் தொடங்கிய அதன் மெஷ் என்ற தலைப்புப் பட்டியலில் மனநல மருத்துவத்துக்கும் உளவியலுக்கும் என்றே ஒரு முழுப் பிரிவு இருக்கிறது. நோயாக உள்ள மனச்சோர்வு, அறிகுறியாக உள்ள சோர்வு என்ற பிரிவினை இங்கும் உண்டு. பராமரிப்பாளரைக் குறிக்க பிரிட்டிஷ் சொல்லைத் தட்டினாலும் அமெரிக்கச் சொல்லைத் தட்டினாலும் அது தானாகவே சரியான தலைப்புக்குக் கொண்டுபோய்விடுகிறது. எப்ஸ்கோவில் கையால் குறியிட வேண்டிய கிளைகளும் இங்கே தாமாகவே சேர்ந்துவிடுகின்றன. மேம்பட்ட தேடல் பக்கத்தில் ஒவ்வொரு தேடலுக்கும் எதிரே உள்ள விவரத்தை விரித்துப் பார்த்தால், நாம் தட்டிய இரண்டு சொற்களை அது எத்தனை சொற்களாக மாற்றித் தேடியது என்பது வரி வரியாகத் தெரியும். தேடல் உத்தியைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம் தலைப்புக்கு பப்மெட் தந்த நல்ல பலன் 10/66 மறதிநோய் ஆய்வுக் குழுவின் கட்டுரைகள். மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, மக்கள்தொகை ஆய்வுகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அந்நாடுகளில் நடக்கின்றன என்ற முரணைத் தன் பெயராகவே வைத்துக்கொண்ட அக்குழுவின் களங்களில் சென்னையும் வேலூரும் இருந்தன. சென்னை நகரப் பகுதி, வேலூர் கிராமப்புறம் இரண்டும் சீனா, கியூபா முதலிய நாடுகளின் களங்களோடு ஒரே அளவுகோலில் ஒப்பிடப்பட்டிருப்பதால், தமிழ்நாட்டில் இதே தலைப்பில் ஆய்வு செய்பவருக்கு அவை தவிர்க்க முடியாதவை. இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரியின் கட்டுரைகளும் பப்மெட் சென்ட்ரலில் முழுமையாகக் கிடைக்கின்றன. குறை என்று சொன்னால், பப்மெட்டில் அளவுகோலுக்கெனத் தனிக் கட்டம் இல்லை. சமூக உளவியல், ஆளுமை உளவியல், தொழிற்சாலை உளவியல் ஆகியவற்றில் ஆய்வு செய்பவர்களுக்கு இதன் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. கல்வி உளவியல்காரர்கள் அமெரிக்கக் கல்வித் துறையின் எரிக் தளத்துக்குப் போகலாம், அதுவும் இலவசம்.

கூகுள் ஸ்காலரைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 2004-ல் வந்தது முதல் அது ஆய்வுலகத்தின் பழக்கத்தையே மாற்றிவிட்டது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதற்குப் பொருள் தலைப்புகள் கிடையாது, வயதுப் பிரிவோ ஆய்வு முறையோ கொண்டு வடிகட்ட முடியாது. ஒரு தேடலுக்கு லட்சக்கணக்கில் முடிவுகள் இருப்பதாக மேலே காட்டிவிட்டு, முதல் ஆயிரத்தைத் தாண்டி எதையும் திறந்து காட்டாது. அதன் வரிசைப்படுத்தல் முறை வெளியே தெரியாததால், இன்று செய்த தேடலை நாளை இன்னொருவர் அப்படியே செய்து சரிபார்க்கவும் முடியாது. முறைசார் மீளாய்வு (ஒரு தலைப்பில் உள்ள ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுப்பது) எழுதுபவர்கள் தேடிய இடம், சொற்கள், தேதி எல்லாவற்றையும் அறிக்கையிட வேண்டும் என்று பிரிஸ்மா நெறிமுறை கேட்கிறது. ஸ்காலரை மட்டும் நம்பியவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

ஆனால் ஒரு காரியத்தில் ஸ்காலரை மிஞ்ச ஆளில்லை: ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல். மேலே சொன்ன 1981-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடி, அதன் கீழே உள்ள மேற்கோள் எண்ணைச் சொடுக்கி, அந்தப் பட்டியலுக்குள்ளேயே மறதிநோய் என்று மறுபடியும் தேடினால், சைக்இன்ஃபோ கண்ணில் காட்டாத இந்திய இதழ்க் கட்டுரைகள் வரிசையாக வருகின்றன. பட்டியலுக்குள் தேடுவதற்கான அந்தச் சிறு கட்டம் பக்கத்தின் மேலே இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. வந்தவற்றில் தரமற்ற இதழ்களும் கலந்திருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலான தன் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், இதழின் தகுதியை எடைபோடும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனத்தின் மீதும், நடைமுறையில் மாணவரின் தலை மீதும், விழுந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் கட்டுரைப் பட்டியல் கேட்கும் பழக்கம் பரவியிருப்பதால் அதையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தேடலுக்கான மாற்றுச் சொற்களை யோசிக்க அவை உதவுகின்றன. கட்டுரைப் பெயரையும் ஆசிரியரையும் கேட்டால், இல்லாத கட்டுரையை இருக்கும் இதழின் பெயரில் கூசாமல் எழுதிக்கொடுத்துவிடும் ஆபத்து உண்டு. அவை தரும் எதையும் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான அடையாள எண்) கொண்டு திறந்து பார்க்காமல் குறிப்பேட்டில் ஏற்றக் கூடாது.

கண்டுபிடித்தாயிற்று, எடுப்பது எப்படி? 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இந்த இடத்தில் பெரிய மாறுதல். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கிடைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய இதை காந்திநகரில் உள்ள நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் ஒருங்கிணைக்கிறது. எல்செவியர், சேஜ், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகியவை இருப்பதால், உளவியலில் அன்றாடம் தேவைப்படும் இதழ்களில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடுகிறது. ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரியில் உள்ள மாணவருக்கு, சில ஆண்டுகளுக்கு முன் பெரிய நிறுவனங்களில் மட்டுமே சாத்தியமாக இருந்த வாசிப்பு இன்று சாத்தியம். இன்ஃபெட் என்ற நுழைவு முறையில் நூலகர் பதிவுசெய்து கொடுத்தால் விடுதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் திறக்கலாம். இந்தக் கணக்கைத் தங்களுக்கு உருவாக்கித் தரும்படி கேட்கலாம் என்பதே தெரியாத ஆய்வாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டால், அந்தப் பொறுப்பு யாருடையது என்று மேசைக்கு மேசை அனுப்பும் அலுவலகங்களும் இருக்கின்றன.

இத்திட்டத்தின் எல்லை இரண்டு இடத்தில் உறுத்துகிறது. உளவியல் பட்டப்படிப்புகளைப் பெருவாரியாக நடத்தும் சுயநிதிக் கல்லூரிகள் இதற்கு வெளியே நிற்கின்றன. இன்னொன்று நான் முதலில் சொன்னது: இது இதழ்களைத் திறந்துவிடும் ஏற்பாடு. 13,000 இதழ்கள் திறந்து கிடக்கும்போது எந்த இதழில் எந்தக் கட்டுரை என்று சொல்லும் பொருள்வாரிச் சுட்டி முன்பைவிட அவசியமாகிறது. அந்த இடத்தை ஸ்காலரும் பப்மெட்டும்தான் நிரப்பிக்கொண்டிருக்கின்றன. வெளியே நிற்பவர்களுக்கு அன்பேவால் என்ற உலாவி நீட்சி, கட்டுரையின் சட்டபூர்வமான இலவசப் படி எங்காவது இருந்தால் ஒரு பச்சைப் பூட்டைக் காட்டி அழைத்துச் செல்லும். உளவியலுக்கான முன்அச்சுக் களஞ்சியமான சைஆர்க்கைவ் 2016 முதல் இயங்குகிறது. அங்குள்ளவை சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முந்தையவையாக இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். கல்லூரி நூலகம் டெல்நெட் உறுப்பினராக இருந்தால் பிற ஊர் நூலகங்களிலிருந்து கட்டுரை நகலோ நூலோ வரவழைக்கலாம். தாமதமாகும், ஆனால் வரும்.

சோத்கங்காவுக்கு இந்த மதிப்புரையில் மற்றவற்றைவிட அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன், ஏனெனில் அதன் உண்மையான பயன் சரியாக உணரப்படவில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்று 2009-ல் மானியக் குழு விதித்ததை அடுத்து இன்ஃப்ளிப்நெட் உருவாக்கிய இக்களஞ்சியத்தில் இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆய்வேடுகள் உள்ளன. இதைத் திறப்பவர்களில் பாதிப் பேர், தம் தலைப்பில் ஏற்கெனவே யாராவது பட்டம் வாங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மீதிப் பேர் முன்னாய்வுகள் பற்றிய இயலை எடுத்து, அதிலுள்ள மேற்கோள்களை மூலத்தைப் பார்க்காமலேயே தம் ஆய்வேட்டுக்குக் கடத்திவிடுகிறார்கள். தவறான ஆண்டோடு ஒரு மேற்கோள் ஆய்வேடு ஆய்வேடாகப் பயணம் செய்வதை அங்கே உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

உண்மையான புதையல் கடைசிக் கோப்பில் இருக்கிறது. ஒவ்வோர் ஆய்வேடும் தலைப்புப் பக்கம், சான்றிதழ், இயல்கள் என்று எண்ணிட்ட தனித்தனிப் பிடிஎஃப் கோப்புகளாக ஏற்றப்பட்டிருக்கும், இறுதியில் பின்னிணைப்பு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் உளவியல், சமூகப்பணி, செவிலிய ஆய்வேடுகளில் அந்தப் பின்னிணைப்பைத் திறந்தால், களத்தில் உண்மையாகவே பயன்படுத்திய தமிழ் வினாநிரல் சில நேரம் முழுமையாக இருக்கும். ஒரு மனச்சோர்வுக் கேள்வியைக் கிராமத்து முதியவரிடம் எந்தச் சொல்லில் கேட்டார்கள், கடந்த இரண்டு வாரங்கள் என்பதை எப்படிப் புரியவைத்தார்கள், அடிக்கடி, எப்போதாவது என்ற படிநிலைகளை எப்படிப் பிரித்தார்கள் என்பதையெல்லாம் எந்தப் பன்னாட்டுத் தரவுத்தளமும் காட்டாது. அந்த மொழிபெயர்ப்பு நம்பகமானதா என்பதை அறிய முறையியல் இயலுக்குப் போய், மறுமொழிபெயர்ப்பு (தமிழ் வடிவத்தை மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்பிடுவது) செய்தார்களா, முன்சோதனையில் நம்பகத்தன்மைக் கெழு எவ்வளவு வந்தது என்று பார்க்க வேண்டும். எடுத்தாள்வதற்கு மூல அளவுகோலின் உரிமையாளரிடமும் அனுமதி தேவைப்படும். ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வு அளவுகோலான பிஎச்க்யூ-9 போன்றவை தமிழ் வடிவத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன. பெக் மனச்சோர்வு நிரல் காப்புரிமை உள்ளது, அதைப் பதிப்பகத்திடம் வாங்கித்தான் பயன்படுத்த வேண்டும். மொத்தத்தில் உள்ளடக்கத்துக்காக சோத்கங்காவை மெச்சலாம், தேடுவசதிக்காக மெச்ச முடியாது. ஒரே துறையின் பெயர் பல வடிவங்களில் ஏற்றப்பட்டிருக்கிறது. பழைய ஆய்வேடுகள் பல வெறும் படங்களாக வருடப்பட்டிருப்பதால் உள்ளே சொல்லைத் தேட முடிவதில்லை. சில கோப்புகள் சாய்ந்து கிடக்கின்றன. கூகுளில் தளத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுவது அதன் சொந்தத் தேடல் பெட்டியைவிடப் பல நேரம் மேலான பலன் தருகிறது.

அச்சு நூல்களுக்கு வருவோம். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஒன்பது தளங்களும் 12 லட்சம் நூல்களுக்கான இடவசதியும் கொண்ட இந்த இடத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவும் தனிக் கூடம் உண்டு. நூல்களை எண்களால் வகைப்படுத்தும் டூயி பகுப்பில் உளவியலுக்கு 150 என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் நேரே அந்த அடுக்குக்குப் போய், அங்கேயே நின்றுவிடுவார்கள். நம் தலைப்பு அங்கே மட்டும் இல்லை. முதுமையின் உளவியல் 155.67-ல் இருக்கிறது, மறதிநோய் நரம்பு மண்டல நோய்களோடு 616.83-ஐ ஒட்டி, மனச்சோர்வு 616.85-ல், பராமரிப்புச் சேவைகள் சமூக நலத்தோடு 362-ல், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது இல்லறக் கலைகளோடு 649.8-ல். ஒரே குடும்பத்தின் துயரம் ஐந்து அடுக்குகளில் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. முதலில் கணினிப் பட்டியலில் தேடி, கிடைத்த எண்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வோர் அடுக்கிலும் இருபுறமும் கண்ணை ஓட்டுவதுதான் வழி. துறைக் கையேடுகளும் பாடநூல்களும் அடிப்படைக் கோட்பாட்டைப் பிடித்துக்கொள்ள இங்கே தாராளமாகப் போதும். அண்மைக்கால ஆய்வுக்கு அடுக்குகளை நம்ப முடியாது.

தமிழில் எழுதப்பட்ட உளவியலைத் தேடுபவர்களுக்கு மேற்சொன்ன எதுவும் நேராக உதவாது. இங்கே பெரும் ஆதரவு, இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் தொகுக்கும் நூலகம் திட்டம். போர்க்கால யாழ்ப்பாணத்தில் உளவியல் கசப்பான ஒரு தேவையாக இருந்ததால், அங்கே தமிழிலேயே உளநல எழுத்து வளர்ந்திருக்கிறது. 'நான்' என்ற உளவியல் இதழின் இதழ்களை அந்தத் தளத்தில் வரிசையாகப் படிக்கலாம். தமிழ்நாட்டில் மனநலம் என்று தேடுபவர் அங்கே உளநலம், உளமருத்துவம், சீர்மியம் (உளவியல் ஆலோசனை) என்று தேட வேண்டும். பராமரிப்பாளரை நோக்கி எளிய தமிழில் பேசும் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அங்கே நல்ல மாதிரிகள் உள்ளன. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், மனோதத்துவம் என்ற பெயரில் சென்ற நூற்றாண்டில் வெளிவந்தவற்றைத் தேடும் வரலாற்று ஆய்வாளருக்கு உரிய இடம்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, சைக்இன்ஃபோவை எல்லாக் கல்லூரியும் வாங்கியாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவ உளவியல், நரம்பு உளவியல், முதியோர் உளவியல் துறைகளில் பப்மெட்டையும் ஸ்காலரையும் சோத்கங்காவையும் ஒழுங்காகச் சேர்த்துப் பயன்படுத்துபவருக்குப் பெரிய இழப்பில்லை. சமூக உளவியலிலும் ஆளுமை ஆய்விலும் அளவுகோல் உருவாக்கத்திலும் ஆட்களைத் தயார்செய்யும் பல்கலைக்கழகத் துறை அதை வாங்காமலிருப்பது சரியல்ல. முறைசார் மீளாய்வுகளை ஊக்குவிக்கும் துறைக்கு இது இன்னும் பொருந்தும். தரவுத்தள நிறுவனங்கள் நூலகங்களுக்கு வழக்கமாகச் சோதனை அணுகல் தருகின்றன. நூலகக் குழுவுக்கு எழுதும் துறைத் தலைவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். கேட்கும்போது, புதிய ஆய்வாளர்கள் தலைப்பை முடிவு செய்துகொண்டிருக்கும் மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பருவத் தேர்வு நடக்கும் மாதத்தில் வாங்கிய சோதனைக் காலம் யாரும் திறக்காமலேயே முடிந்துவிடும், பயன்பாட்டு அறிக்கையில் பூஜ்யம் விழுந்திருக்கும், அடுத்த ஆண்டு சந்தாவை மறுப்பதற்கு அந்தப் பூஜ்யத்தையே காரணமாகக் காட்டுவார்கள்.